அவுககிட்டச் சொல்லிருங்க

தம்பி, இந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் அவுககிட்டக் குடுத்துருங்க. மாத்திரை போடுற நேரம் ஆச்சுன்னும் சொல்லிருங்க. இந்தாங்க மாத்திரை. வெள்ளை ஒண்ணு, ரோஸ் பாதி. ஆமா, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்காகள்ல, அவுகதான். என் வீட்டுக்காரவுக.

சிரிக்காதீக. கையை நீட்டுனா எட்டும், எட்டாம என்ன? ஆனா எங்களுக்குள்ள அப்படிப் பழக்கமில்ல. நாங்க பேசிக்கிறது இல்ல. சண்டையான்னு கேக்காதீக. சண்டைன்னா சத்தம் இருக்கும். இது பேச்சு இல்ல, அவ்வளவுதான். ஆறு வருசமாச்சு.

போட்டுட்டாகளா? சரி. பாருங்க, இப்பக் கண்ணை மூடிக்கிட்டாக. தூங்கல. தூங்குனா வாய் திறந்திருக்கும், குறட்டை உங்க காதைக் கிழிக்கும். கேட்டா கேக்கட்டும். நான் உங்ககிட்டத்தான பேசுறேன்?

நாங்க கோவில்பட்டி. என் பேரு செண்பகவல்லி, கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர்டு ஆனவ. அவுக கரண்டு ஆபீஸ்ல இருந்தாக. வேலாயுதம்னு பேரு. மாலினின்னு ஒரே மக. அவ வீட்டுல இருந்த வரைக்கும் எல்லாம் அவ மூலமாத்தான். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "அம்மாகிட்டக் கரண்டு பில் கட்டியாச்சுன்னு சொல்லு." அவ கல்யாணமாகிப் பூனாவுக்குப் போன பெறகு, பால்காரரு, கீரைக்காரம்மா, யாரு வாசல்ல நிக்கிறாகளோ அவுக. யாருமே இல்லன்னா சுவரு. "காபி ஆறுது"ன்னு நான் பிரிட்ஜைப் பாத்துச் சொல்வேன். "சட்டையில பித்தான் பிஞ்சிருக்கு"ன்னு அவுக டிவியைப் பாத்துச் சொல்வாக. நடந்துரும் தம்பி. நேருக்கு நேராப் பேசித்தான் தீரணும்னு ஒரு குடும்பத்துல ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு. இருந்து பாத்தாத் தெரியும்.

எதுக்குன்னு கேக்கீக. சொல்றேன், இன்னும் எவ்வளவோ நேரம் பறக்கணுமே. எங்க அம்மா சாத்தூர்ல என் தம்பி வீட்டுல படுக்கையில கெடந்தா. ஒரு நாள் சாயங்காலம் தம்பி போன் பண்ணியிருக்கான், அக்காவை உடனே கூட்டிட்டு வாங்கன்னு. எடுத்தது இவுக. நான் உள்ரூம்ல காய்ச்சல்ல அசந்து தூங்கிக் கெடந்தேன். நல்ல காய்ச்சல்தான், இல்லைங்கல. ஆனா இவுக என்கிட்டச் சொல்லல. மறுநாள் காலையில காபியைக் கையில குடுத்துட்டுச் சொன்னாக. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. கோவில்பட்டியில பஸ் ஏறி உட்கார்ந்து ரெண்டு பேச்சுப் பேசுறதுக்குள்ள சாத்தூர் வந்துரும். பெத்த தாய்க்கு ஒரு சங்கு பால் ஊத்த முடியாமப் போச்சு எனக்கு.

என் தம்பி கேட்டான், ஏன் மச்சான் மறைச்சீகன்னு. "மறைக்கல மாப்ள, காலையில சொல்லலாம்னு சும்மா இருந்தேன்"னாக. சும்மா இருந்தாகளாம்! தெரிஞ்ச விசயத்தை வாயைத் திறந்து சொல்லாம சும்மா இருக்கறது குத்தமில்லையா? நீங்க படிச்ச பிள்ளை, நீங்களே சொல்லுங்க. மாலினிகிட்ட ஏதோ காரணம் சொல்லியிருக்காக. அவ வந்து, "அம்மா, அப்பா ஏன் சொல்லலன்னா..."ன்னு ஆரம்பிச்சா. அடுப்புல பால் பொங்குது, போன்னு சொல்லிட்டேன். அன்னையிலேருந்துதான்.

இந்த டூருக்குப் பேரு குடுத்ததும் அவதான். மதுரைக் கம்பெனி ஒண்ணு, சமையல்காரரையும் கூடவே கூட்டிட்டு வர்றாகளாம். மொழி தெரியாத ஊருல ரெண்டு பேரும் பேசித்தான ஆகணும்னு அவ போட்ட கணக்கு. நான் கணக்கு டீச்சரு தம்பி. அது எங்க தப்புன்னு முத நாளே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வெளிநாட்டுலயும் மூணாவது மனுசங்க இருக்கத்தான் செய்றாக.

நேத்து நடந்ததைச் சொல்றேன், கேளுங்க. இஸ்தான்புல்லுல எங்களுக்குக் கடைசி நாள். மதுரையிலேருந்து கூட வந்த மேனேஜருக்கு வயித்தால போகுதுன்னு ஓட்டல்லயே படுத்துட்டாரு. அதனால ஊரைச் சுத்திக் காட்டுற பொண்ணு மட்டும்தான். எலிஃப்னு பேரு, அந்த ஊருக்காரி. ஒரு குச்சி நுனியில பிளாஸ்டிக் சூரியகாந்திப் பூவைக் கட்டித் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அவ முன்னால போவா. நாங்க பன்னெண்டு ஜோடியும் பின்னால. அவளுக்கு எங்க மூஞ்சியெல்லாம் ஒரே மாதிரி தெரிஞ்சிருக்கும்போல. அதனால அவ தலையை எண்ணுறதில்ல. ஜோடிக்கு ஒருத்தர் பொறுப்பு. ஒவ்வொரு இடத்துலேருந்து கிளம்புறப்பவும் கட்டை விரலைத் தூக்கிக்கிட்டு, "உங்க ஆளு வந்தாச்சா?"ன்னு கேட்டுக்கிட்டே வருவா. மத்த பொம்பளைங்க எல்லாம் விரலைத் தூக்கிக் காட்டுவாக. நான் காட்ட மாட்டேன். அவுகளுக்காக நான் பதில் சொல்லி எத்தனை வருசமாச்சு? சும்மா நிப்பேன். அவுக எனக்குப் பின்னால நிக்கிறதை அவளே பாத்துக்கிடுவா. ரெண்டு நாளு பாத்தா, பெறகு பாக்கறதை விட்டுட்டா. இந்தம்மா சும்மா நின்னா வந்தாச்சுன்னு அர்த்தம்னு எடுத்துக்கிட்டா.

காலையில பெரிய பள்ளிவாசல். சேலைத் தலைப்பை முக்காடு போட்டுக்கிட்டு ஏறுறோம். படியெல்லாம் மழை ஈரம். இவுக எலிஃப்கிட்டப் போய் இங்கிலீஷ்ல சொல்றாக: "படி வழுக்கும்னு என் சம்சாரத்துகிட்டச் சொல்லும்மா." அவ திரும்பி என்னைப் பாத்தா. நான் ரெண்டடி தள்ளித்தான் நிக்கிறேன். "மேடம், படி வழுக்குமாம்"னா. "எனக்குக் கண்ணு இருக்குன்னு சொல்லு"ன்னேன். அதையும் சொன்னா. பாவம், நல்ல பொண்ணு. கொஞ்ச நேரம் கழிச்சு என் பக்கத்துல வந்து, "உங்க ஊருல புருசன் பொண்டாட்டி வெளியில நேராப் பேசக்கூடாதா? இது மரியாதையா? ரொம்ப அழகா இருக்கு"ன்னு சொல்லுது. எங்க குரூப்புல வந்த சிவகாசி அம்மா தலைப்பை வாயில பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாக. மரியாதைதான்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல?

பெறகு பூமிக்குள்ள ஒரு தண்ணித் தொட்டி. தூணு தூணா, நம்ம கோயில் தெப்பக்குளத்துக்கு மேல மூடி போட்ட மாதிரி. இருட்டு. "அதுக்கு முட்டி வலி, படியில கொஞ்சம் கையைப் பிடிச்சுக்கோம்மா"ன்னு மறுபடியும் எலிஃப்கிட்ட. ஊருக்கெல்லாம் என் முட்டியைப் பத்திச் சொன்னா எனக்கு எப்படி இருக்கும்? மத்தியானம் கடைத்தெரு, கூரை போட்ட பெரிய கடைத்தெரு. ஒரு கடையில சால்வையை எடுத்துப் பாத்தேன். சும்மாதான் பாத்தேன். பின்னாலேருந்து கடைக்காரன்கிட்டச் சொல்றாக, "அதுக்கு நீலம்தான் புடிக்கும், நீலம் காட்டுங்க"ன்னு. வச்சுட்டு வந்துட்டேன். இப்பவும் நீலம்தான் புடிக்குதான்னு என்னை யாரும் கேக்கலையே.

இல்ல, கோவமெல்லாம் இல்ல தம்பி. கோவம் போயி ரொம்ப நாளாச்சு. பல்லுக்கு ஊசி போட்டா மரத்துப் போயிருமே, கிள்ளுனாலும் தெரியாதே, அப்படி. அவ்வளவு பெரிய மசூதியைப் பாக்கிறேன், கடலைப் பாக்கிறேன், எல்லாரும் ஆ, ஓங்கறாக, போட்டோ எடுக்கிறாக. எனக்கு ஒண்ணும் தோணல. பாத்தாச்சு, அடுத்தது என்ன. அப்படித்தான் நின்னேன்.

சாயங்காலம் படகுத்துறை. அங்க ஒரே கூட்டம், நம்ம தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர்ல நிக்கிற மாதிரி. நாங்க போக வேண்டியது ஊரைச் சுத்திக் காட்டுற படகு. பக்கத்துத் துறையில வேலைக்குப் போற வர்ற சனங்க ஏறுற பெரிய படகு, அது எதிர்க்கரைக்குப் போறது. அந்த ஊருக்கு ஒரு கரை ஐரோப்பா, ஒரு கரை ஆசியாவாம். எலிஃப் எங்களை ஓரமா நிக்க வச்சுட்டு டிக்கெட்டுக்குப் போனா, பூவையும் கையிலயே கொண்டு போயிட்டா. அப்ப வேற ஒரு குரூப்பு, வடக்கத்திக்காரக போல, எங்களைத் தாண்டிப் போச்சு. அவுக கைடு மஞ்சக் குடை பிடிச்சிருந்தான். இவுகளுக்குக் கண்ணுல புரை எடுத்த பெறகு மஞ்சளா ஒண்ணு தெரிஞ்சாப் போதும். அது பூவா குடையான்னு பாக்கலை. பின்னாலயே போறாக.

நான் பாத்தேன். மறைக்க என்ன இருக்கு? பாத்தேன். யாருமே போடாத மங்கி குல்லாவைப் போட்டுக்கிட்டுக் கூட்டத்துக்குள்ள போறாக. எதிர்க்கரைப் படகுக்குப் போட்டிருந்த பலகை மேல ஏறுறாக. கூப்பிடுற தூரம்தான். சிவகாசி அம்மா போன்ல பேரன்கிட்டப் பேசிக்கிட்டிருக்காக. எலிஃப் டிக்கெட் வரிசையில. அவளைக் கூப்பிட்டு, அவுககிட்டச் சொல்லு, அது நம்ம படகு இல்லன்னு சொல்லலாம்னு பாத்தா, அவ திரும்பவே இல்ல. சொல்லிவிட ஆளே இல்ல தம்பி. ஒருத்தர்கூட இல்ல. படகு ஊதிட்டுக் கிளம்பிருச்சு.

எலிஃப் வந்தா. விரலைத் தூக்கிக்கிட்டே வரிசையா வந்தா. எனக்கு நேரா வந்து, "உங்க ஆளு வந்தாச்சா?"ன்னா. நான் விரலைத் தூக்கல. தலையை ஆட்டல. பொய் சொல்லல. எப்பவும்போல சும்மா நின்னேன். அவ அடுத்த ஆளுகிட்டப் போயிட்டா. சும்மா நின்னது ஒரு குத்தமா? அவளுக்குப் பாக்கத் தெரியாதா?

ஏன் தம்பி அப்படிப் பாக்கீக?

நாங்க படகுல ஏறுனோம். எள்ளு ஒட்டுன ரொட்டி வளையம் ஒண்ணு ஆளுக்குக் குடுத்தாக, தின்னேன். எலிஃப் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, இடது கைப் பக்கம் பாருங்க, ஐரோப்பா, வலது கைப் பக்கம் ஆசியான்னா. எல்லாரும் மாத்தி மாத்தித் திரும்பிப் பாக்கிறாக. நான் வலது பக்கமே பாத்துக்கிட்டிருந்தேன். அவுக அங்க எங்கயோ இருக்காகன்னு அந்தப் படகுல எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். "சார் எங்க, கீழ் தட்டுலயா?"ன்னு சிவகாசி அம்மா கேட்டாக. "வருவாக"ன்னேன். வருவாகதான? பயமா இருந்துச்சான்னு கேக்கீக. இல்ல. ஒண்ணுமே இல்ல. ரொட்டிதான் ரொம்பக் காஞ்சு கெடந்துச்சு.

கரைக்கு வந்து பஸ்ஸுல ஏறுன பெறகுதான் ஒரு சீட்டு காலியா இருக்கறதை எலிஃப் பாத்தா. முகம் வெளிறிப்போச்சு. போன் பண்ணுங்கன்னா. அவுக போன் என் கைப்பையில. ஓட்டல் அட்டை? என் கைப்பையில. பாஸ்போட்டு, சுகர் மாத்திரை, அவுக மூக்குக் கண்ணாடி, எல்லாம் என் பையில. எங்க போனாலும் நான்தான் தூக்கிட்டுத் திரிவேன், அது அப்படியே பழகிப்போச்சு. பையைத் திறந்து ஒண்ணொண்ணா எடுத்து மடியில வச்சேன். பஸ்ஸே பாத்துக்கிட்டிருக்கு. அப்பத்தான் சொன்னேன், எதிர்க்கரைப் படகுல ஏறிட்டாகன்னு. "உங்களுக்கு எப்பத் தெரியும்?"னு எலிஃப் கேட்டா. மடியில கெடந்ததையெல்லாம் மறுபடி பைக்குள்ள எடுத்து வச்சேன்.

எல்லாரையும் டிரைவரோட ஓட்டலுக்கு அனுப்பிட்டு, அவ என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு அடுத்த படகுல ஏறுனா. அந்தப் பக்கம் இறங்கி ஓட்டமும் நடையுமா ஒரே அலைச்சல். மீன் கடைத்தெரு, ஊறுகாய்க் கடை, பாத்திரக் கடை. எங்க பாத்தாலும் பூனை. கடைக்காரங்ககிட்டயெல்லாம் அவ தலையையும் காதையும் தடவிக் காட்டிக் குல்லா குல்லான்னு அவ பாஷையில கேக்கிறா. "அவருக்கு என்ன புடிக்கும்? எங்க போய் நிப்பாரு? யோசிச்சுச் சொல்லுங்க"ன்னா. யோசிச்சேன். முன்னால டீ புடிக்கும். பழைய ரேடியோ கடையைக் கண்டா நின்னுருவாக. இப்ப என்ன புடிக்கும்னு எனக்குத் தெரியல தம்பி. தெருவுல நின்னுக்கிட்டு யோசிக்கிறேன், ஒண்ணுமே வரல. பரீட்சையில பேப்பரை வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிற பிள்ளைகளை எத்தனை திட்டியிருக்கேன்.

முட்டி விட்டுப்போச்சு. இனிப் போலீஸ்தான்னு சொல்லித் திரும்பப் படகுத்துறைக்குக் கூட்டிட்டு வந்தா. பாத்தா, துறைக்குப் பக்கத்துலயே, டீக்காரரு ஒருத்தரு ஒரு ஸ்டூலைப் போட்டு இவுகளை உட்கார வச்சிருக்காரு. நாங்க இறங்குனப்பவே அங்கதான் இருந்திருக்காக, கூட்டத்துல நாங்கதான் பாக்கல. இறங்குன இடத்தை விட்டு அசையலையாம். கையில சின்னக் கண்ணாடி கிளாசு. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அந்த டீக்காரருகிட்டப் பேசிக்கிட்டிருக்காக. தமிழ்ல! அந்த மனுசனும் தலையைத் தலையை ஆட்டுறாரு.

என்ன பேசுனாகன்னா... இருங்க, அந்தப் பணிப்பெண்ணு போகட்டும்.

"ஏறுனதுமே தெரிஞ்சுபோச்சு, இது நம்ம படகு இல்லன்னு"ன்னாக. "திரும்பிப் பாத்தேன். அது என்னையத்தான் பாத்துக்கிட்டு நின்னுச்சு. எறங்கியிருக்கலாம். பலகையை எடுக்கலை இன்னும். கூப்பிடும்னு பாத்தேன். ஒரு சத்தம் குடுத்தாப் போதும், எறங்கிருவேன். கூப்பிடும் கூப்பிடும்னு பாத்துக்கிட்டே நின்னேன், படகு எடுத்துட்டான்."

அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லல. வையல, ஒரு குத்தம் சொல்லல. டீக்காரரு கிளாசை வாங்கி இன்னொரு டீ ஊத்திக் குடுத்தாரு.

எலிஃப் போயித் தோளைத் தொட்டா. இவுக திரும்புனாக. என்னையப் பாத்தாக. எலிஃபைப் பாக்கல, டீக்காரரைப் பாக்கல, என்னையப் பாத்து நேராக் கேட்டாக: "முட்டி வலிக்கா?"

ஆறு வருசத்துக்கு முத வார்த்தை. எனக்குக் காது கேட்டுச்சு. மண்டைக்குள்ள போகவே இல்ல. நான் எலிஃப் பக்கம் திரும்பி, "நேரமாச்சு, கிளம்பச் சொல்லு"ன்னேன். அந்தப் பொண்ணு என்னைய ஒரு பார்வை பாத்தா. காலையில மரியாதைன்னு சொன்ன பொண்ணு. "நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க"ன்னுட்டு விறுவிறுன்னு முன்னால நடந்துட்டா. படகுலயும் எங்களோட உட்காரல. ஓட்டல் வாசல்ல விட்டுட்டுப் போயிட்டா. நாங்க நேத்துச் சாயங்காலத்துலேருந்து சுவரைப் பாத்துக்கூடப் பேசல தம்பி. இன்னைக்கு ஏறி உட்கார்ந்த பெறகு, நடுவுல நீங்க வந்து உட்கார்ந்தீகளா, அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

நான் எதுக்கு இதையெல்லாம் உங்ககிட்டச் சொல்றேன்? அவுக தூங்கலன்னு எனக்குத் தெரியும். இமை ஆடுது பாருங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் அவுககிட்டச் சொல்லிருங்க. சும்மா நின்னேன்னு சொன்னேன்ல, அது முழுசா நெசமில்ல. வாயைத் திறந்தேன். "ஏங்க"ன்னு கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரல. எத்தனையோ வருசமாக் கூப்பிடாத தொண்டை, வரல. வேணும்னு நிக்கலன்னு சொல்லிருங்க. சொல்லுங்க தம்பி. கேட்டிருக்கும்தான், இருந்தாலும் நீங்க சொல்லுங்க.

சொல்லிட்டீகளா? என்ன சொல்றாக? என்னமோ சொன்னாகளே, கண்ணைத் தொறந்து. ம்? என்னையக் கேக்கச் சொல்றாகளா? என்னத்த?

...எங்க அம்மா போன அன்னைக்கு ஏன் எழுப்பலன்னா?

ஒரு தடவைகூட நான் கேக்கலையாமா? ஆறு வருசமா நான் கேப்பேன் கேப்பேன்னு இருந்தாகளாமா?

தம்பி, எங்க எந்திரிக்கீக? பாத்ரூம் எங்கயும் ஓடிப்போகாது, பெறகு போகலாம். உட்காருங்க. வேண்டாம், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன், எந்திரிக்காதீக. நீங்க எந்திரிச்சுப் போயிட்டா நான்ல அவுககிட்டக் கேக்கணும்.